எந்த இடத்தில் சிரித்தார்

“ஞாயிறு. ஐந்து பேர் வந்தார்கள். படம். சரி என்று சொல்லிவிட்டேன்.”

அத்தையின் டைரியில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான். குடும்பத்தில் யாருக்கு எப்போது என்ன நடந்தது என்று நான் எழுதிச் சேர்ப்பதை அறிந்து, போன பொங்கலுக்கு அதை என்னிடம் கொடுத்தாள். அட்டையில் அச்சிட்ட ஆண்டை நம்புவதற்கில்லை. பழைய டைரிகளில் மிஞ்சிய தாள்களில் எழுதுவது அவள் வழக்கம். குறுவை அறுத்து முடிந்திருந்தது, எனக்கு எட்டு வயது. இந்த இரண்டுக்கு மட்டும் நான் பொறுப்பு.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. நன்னிலத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் கிடைக்காமல் அவர்கள் வந்து சேர்ந்தபோது படம் போடும் நேரம். கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து, எல்லோருக்கும் பிடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், பாட்டும் சிரிப்புமாக ஓடுவது. அப்பா டிவியை அணைக்கப் போனார். மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க. பொண்ணு எங்க போயிடப் போவுது? படம் போயிடுமில்ல!”

அத்தை என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தப் படத்தைக் கொட்டகையில் நான்கு முறை பார்த்தவள் அவள்.

“ஏ பாப்பா, நீ போயி மாப்பிள்ளைக்கு எதிர்ல உக்காரு. படத்துல வாத்தியாரு வழுக்கி விழுவாரு, அங்க எல்லாருந்தான் சிரிப்பாங்க. அத விடு. படகுப் பாட்டு முடிஞ்சப்புறமும் கணக்குப்புள்ள கண்ண மூடிக்கிட்டுத் தாளம் போட்டுக்கிட்டே இருப்பாரு பாரு, அங்க அவரு சிரிக்கிறாரான்னு வந்து சொல்லு.”

“சிரிக்கலன்னா?”

“வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிடுவேன். வெத்தல பாக்கு மாத்திட்டா அப்புறம் வாயத் தொறக்க முடியாது. போ, போ.”

டிவிக்கு முதுகைக் காட்டி, மாப்பிள்ளைக்கு நேரே உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை; வேர்வைக்குக் காலரில் கைக்குட்டை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. என் பின்னால் பாட்டு தொடங்கியது. ஒரே ஒரு முறை என்று திரும்பினேன்.

படகு போய்க்கொண்டிருந்தது. நிலா தண்ணீரில் உடைந்து உடைந்து மறுபடி சேர்ந்தது. படகோட்டி வேடத்தில் கதாநாயகன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினான். ஆனாலும் படகு போனது. எங்கிருந்தோ நெல் அவிக்கும் வாசனை வந்தது. கூடம் மெல்ல ஆடத் தொடங்கியதுபோல் இருந்தது. வந்தவர்கள், தெருக்காரர்கள், அத்தை எல்லோரும் கரையில் நின்றுவிட, நான் மட்டும் அந்த வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. படகின் மூலையில் கணக்குப்பிள்ளை கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் நினைவு வந்து திரும்பினேன். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்கு ஓடினேன்.

“சிரிச்சாரா?”

“சிரிச்சாரு.”

“பொய் சொல்லாதடி.”

“நெசமா அத்த. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

தண்ணீர் வந்தது என் கண்ணில். அந்த இடத்தில் சிரிக்காமல் ஒருவர் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை காபித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி கூடத்துக்குப் போனாள். என் கண்ணை நம்பி அவள் ஓர் ஆயுளுக்கு முடிவெடுத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

இதை எழுதுவதற்கு முன் நன்னிலம் போய் மாமாவிடமே கேட்டேன்.

“அன்னைக்கா? படமா ஓடுச்சு? எனக்கு வேர்த்துக் கொட்டுனதுதான் ஞாபகமிருக்கு.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை. “ஓடுச்சு. நீங்க சிரிச்சீங்க. இவதான் பாத்தாளே.”

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். மாமா அந்த இடத்தில் சிரித்தாரா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.