மணலில் நடப்பவள், முப்பது பிரதிகள்

கிருபாவின் நகக்கண்களைப் பார்த்தால் அந்த வாரம் எந்த நாட்டுக்குச் செருப்பு போகிறது என்று சொல்லிவிடலாம். நீலம் என்றால் ஜெர்மனி ஆர்டர். சிவப்பு என்றால் இங்கிலாந்து. இரண்டும் கலந்து ஊதாவாக இருந்தால், அவள் கம்பெனி மையை எடுத்துத் தனக்காக ஏதோ செய்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குப் பிரிண்டிங் வேலை. பெண்கள் செருப்பின் வாரில் பூ அடிப்பது, உள்பக்கத் தோலில் கம்பெனிப் பெயர் அடிப்பது. மரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வேண்டாத இடங்களை மருந்து அடைத்திருக்கும், வேண்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் கீழே பூ விழுந்திருக்கும். நான் அடுத்த அறையில் டெஸ்பாட்ச் கிளார்க். என் ஜன்னல் வழியாக அவள் மேசை தெரியும்.

சட்டம் செய்து கொடுப்பவர் மஹ்பூபி. கிருபாவைவிடப் பத்து வயது மூத்தவர். துணியில் மருந்து பூசி, வரைந்த டிரேசிங் தாளை அதன்மேல் வைத்து, வெயிலில் காட்டி எடுப்பார். எந்தப் படம் வந்தாலும் இரண்டு சட்டம் போடுவார். தாளை நேராக வைத்து இடது காலுக்கு ஒன்று, திருப்பி வைத்து வலது காலுக்கு ஒன்று. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, சில சமயம் யாரையாவது திட்டிக்கொண்டே இதைச் செய்வார். கை தன்பாட்டுக்குப் போகும்.

கம்பெனி மதிலில் வாரம் ஒரு சினிமா போஸ்டர் ஒட்டுவார்கள். கிருபா அதன் முன்னால் நின்று முகத்தைச் சுளிப்பாள். "படத்துல அவன் துப்பாக்கியே எடுக்கல. இதுல மட்டும் எடுக்கிறான் பாரு" என்பாள். பிறகு ஷூ பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் படத்துக்குத் தானே ஒரு போஸ்டர் வரைவாள். அதில் கதாநாயகன் இருக்க மாட்டான். கதவோரம் சாத்திவைத்த ஈரக் குடை இருக்கும், அல்லது மூடிய ஆர்மோனியப் பெட்டி. படம் பார்த்தவர்களுக்கு அது போதும். பார்க்காதவர்கள் "இன்னாடி இது, குடை விளம்பரமா?" என்று கேட்பார்கள். அவள் வீட்டில் சினிமா பேச்சே ஆகாது. அட்டைகளெல்லாம் கம்பெனியிலேயே, மை டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தன.

அவற்றில் ஒன்றை நான் வேலூருக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் எங்கள் திரைப்படக் கழகம் படம் போடும். செயலாளர் ஞானசீலன் சார், கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர். வெளிநாட்டுக் கழகங்களில் ஒரு படத்துக்கென்று கொஞ்சம் போஸ்டர் மட்டும் அச்சடித்து, எண் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட்டு அச்சை அழித்துவிடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, நாமும் செய்ய வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குடைப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எங்க இருக்கு?"

"எங்க கம்பெனியில சார்."

கமிட்டியில் ஆதிகேசவன் என்று ஒருவர், பாங்க் ஊழியர். "செருப்புல பூ போடற பொண்ணு படத்தை மாட்டத்தான் கிளப் நடத்தறோமா?" என்று கேட்டார். ஞானசீலன் சார் சண்டை போடவில்லை. ஒரு தடவை பார்ப்போம் என்றார். சரியாக வந்தால் மாதா மாதம் கிருபாதான். வராவிட்டால் பேச்சை விட்டுவிடலாம். உறுப்பினர்கள் முப்பது பேர், அதனால் முப்பது பிரதி. "முப்பதும் ஒண்ணுபோல இருக்கணும், அதைச் சொல்லிடுங்க" என்றார் என்னிடம்.

அந்த மாதம் வரவிருந்த படம் கிருபாவின் படம். அப்படித்தான் அவள் சொல்லுவாள். இரண்டு வருஷம் முன்பு ஆயுத பூஜைக்குக் கம்பெனி மைதானத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே துணி கட்டி அதைப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் தலையில் டிரங்குப் பெட்டியோடு காய்ந்த ஆற்று மணலைக் கடந்து போகிறாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கிருபா உட்கார்ந்திருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"செவுத்துல மாட்டுவாங்களா?"

"மாட்டுவாங்க. ஆளுக்கொண்ணு வீட்டுக்கும் எடுத்துப் போவாங்க."

"படம் பார்த்தவங்களா?"

"அன்னிக்குத்தான் பார்ப்பாங்க. சில பேர் முன்னாடியே பார்த்திருப்பாங்க."

அன்று சாயங்காலம் வரை அவள் ஒரே தவறை மூன்று செருப்பில் செய்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

மானேஜரிடம் கேட்டு அனுமதி வாங்கினோம். சனிக்கிழமை அரை நாள், சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டும்வரை. திங்கட்கிழமை அவசர ஆர்டர் இருந்ததால் சட்டங்களைக் கழுவிச் சுத்தமாக வைத்துவிட வேண்டும். கிருபா முதலில் முப்பது அட்டையிலும் மணலை அடித்தாள். மணல் என்றால் மஞ்சள் அல்ல. பாலாற்றில் நான்கு மணி வெயிலில் இருக்குமே, பழுப்பும் வெள்ளையுமாக, அந்த நிறம். அதற்கே பொழுது போய்விட்டது. இனிமேல்தான் அதன்மேல் பெண்ணின் உருவத்தை அடிக்க வேண்டும். கிருபா வரைந்து கொடுத்த தாளை வைத்து மஹ்பூபி முன்பே அதற்குச் சட்டம் போட்டிருந்தார்.

"ரெண்டு சட்டம் இருக்குது, ஆளுக்கொரு மேசையில அடிப்போம்" என்றார் மஹ்பூபி.

முதுகுக்கு முதுகு நின்று ஆளுக்குப் பதினைந்து அடித்தார்கள். அடித்ததைத் துணி காயப்போடுவதுபோல் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினார்கள். மஹ்பூபி முதலில் முடித்தார், கிருபா முடித்ததும் அவள் சட்டத்தையும் வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வெறும் துணியாக்கிக் கொண்டுவந்தார்.

"கழுவிட்டேன். இனிமே அந்த கிளப்காரங்க தாத்தா வந்து கேட்டாலும் ஒண்ணுகூட வராது."

கிருபா சிரித்துக்கொண்டே கயிற்றிலிருந்து அட்டைகளை எடுத்து அடுக்கினாள். பாதி அடுக்கியதும் கை நின்றது.

"அக்கா, இன்னா இது?"

"இன்னா?"

"உங்க பொம்பள அந்தப் பக்கம் போறா."

நானும் போய்ப் பார்த்தேன். கிருபா அடித்தவற்றில் பெண் இடது பக்கம் நடந்தாள். மஹ்பூபி அடித்தவற்றில் வலது பக்கம்.

"அவ அந்தப் பக்கம்தானே போவா" என்றார் மஹ்பூபி.

"நான் வரைஞ்சது லெஃப்ட் பக்கம் அக்கா."

"பார்த்தேன். எப்பவும் போடறாப்ல லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு போட்டேன். ரைட்டைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு, எடுத்து அடிச்சேன்."

"போஸ்டருக்கு யாராவது லெஃப்ட் கால், ரைட் கால் போடுவாங்களா?"

"அரே, என்கிட்ட இன்னா கோவம்? படத்துல அவ ரைட் பக்கம்தான் போனா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அல்லா மேல ஆணை."

கிருபா சட்டங்களைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அதைவிட மோசமாக, தன் நினைவின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதுபோல் தெரிந்தது. அட்டைகளை ஏற்றுமதிப் பெட்டி ஒன்றில் வைத்து மூடினாள். "நாளைக்குப் படம் ஓடும்ல. பார்த்துக்கலாம்" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கிருபா நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மஹ்பூபியும் பர்தாவோடு நின்றிருந்தார். "என் பொம்பளைக்கு நானும் சாட்சி சொல்லணும்ல?" என்றார். கிருபா அவரிடம் முகம் கொடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "எட்டாம் நம்பர் இருக்குமா? கால் பெருசு" என்றார். மஹ்பூபி, "இருக்குது, ஆனா ரெண்டு பக்கமும் போவும்" என்று சொல்லி, தானே சிரித்தார். மாதனூர் தாண்டும்போது கிருபாவும் சிரித்துவிட்டாள். ஆனால் மடியிலிருந்த பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

கூடத்தில் ஞானசீலன் சார் மேசைமேல் அட்டைகளைப் பரப்பினார். முகம் மலர்ந்தது. அடுத்த அட்டையைப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது.

"இன்னாம்மா இது, ரெண்டு தினுசா இருக்கு? முப்பதும் ஒண்ணுபோல இருக்கணும்னு சொல்லி அனுப்பினேனே."

நான் நடந்ததைச் சொன்னேன். சட்டம் கழுவியாயிற்று என்பதையும் சொன்னேன். ஆதிகேசவன் கைகளைக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

ஞானசீலன் சார் யோசித்தார். கிருபா அடித்ததில் ஒன்றைச் சுவரில் மாட்டினார். "படம் முடியட்டும். அதுல எப்படிப் போறாளோ அதைக் குடுப்போம். மத்தது வேணாம். பாதிப் பேருக்கு இல்லன்னு சொல்லிக்கறேன்" என்றார். அப்படியானால் மாதா மாதம் என்பதும் இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் ஓடியது. கிருபாவும் மஹ்பூபியும் கடைசி பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. வெறும் மணல். பிறகு திரையின் வலது ஓரத்திலிருந்து அந்தப் பெண் தலைச் சுமையோடு வந்து, இடது பக்கமாக நடந்தாள். கிருபா வரைந்தபடியே நடந்தாள்.

"மிஷின்ல மாத்திப் போட்டுட்டாங்க!" என்று மஹ்பூபி சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

விளக்கு போட்டதும் ஞானசீலன் சார் பொறுமையாகச் சொன்னார்: "மாத்திப் போட்டா எழுத்தும் இடவலம் மாறித்தாம்மா வரும். ஆரம்பத்துல பேரெல்லாம் நேராத்தானே வந்துச்சு?"

"எனக்கு உருதுதான் படிக்கத் தெரியும் சார். தமிழ் எழுத்து எப்படி வந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

கிருபா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அன்னிக்கு மைதானத்துல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"பின்னாலதான். முன்னால ஆம்பளைங்க கூட்டம், யார் போவறது? துணிக்குப் பின்னால நாங்க பொம்பளைங்க மட்டும். பர்தாவைத் தூக்கிப் போட்டுட்டு, காலை நீட்டிக்கினு, கடலை தின்னுக்கினு பார்த்தோம். ஜோரா இருந்துச்சு."

துணியின் மறுபக்கம். அங்கே எல்லாமே இடவலம் மாறித்தான் தெரியும். கிருபா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"சரி, விஷயம் தெரிஞ்சுபோச்சு" என்றார் ஞானசீலன் சார். "கிருபா வரைஞ்சதுதான் சரி. அந்தப் பதினஞ்சையும் எடுத்து உள்ள வச்சிடும்மா."

மஹ்பூபி பர்தாவின் முனையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். அதுவரை அவர் தரையைப் பார்த்து நான் கண்டதில்லை. கிருபா மேசைக்குப் போனாள். பதினைந்தையும் எடுத்தாள். உள்ளே வைக்கவில்லை.

"சார், அக்காவும் இந்தப் படத்தைத்தான் பார்த்திருக்காங்க. கடைசி வரைக்கும் எந்திரிக்காம பார்த்திருக்காங்க. அவங்க பார்த்தவ இந்தப் பக்கம் போனா. இதை எப்படித் தப்புன்னு வைக்கறது?"

"அது இல்லம்மா, பேச்சு இன்னான்னா..."

"குடுத்தா முப்பதும் குடுங்க சார். இல்லன்னா நான் எடுத்துட்டுப் போயிடறேன்." பெட்டியின் மூடியை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்வரிசையிலிருந்து ரோஸ் எழுந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், விரிஞ்சிபுரத்திலிருந்து வருகிறவர். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "எங்க ஊர் திருவிழாவுலயும் இதைப் போட்டாங்க சார். நாங்களும் துணிக்கு அந்தாண்டதான். இன்னிக்கு அவ இந்தப் பக்கம் போனதும் எனக்கு அவ வேற யாரோ மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அவங்க அடிச்சதைக் குடுங்க."

திமிரியிலிருந்து வரும் வாத்தியார் ஒருவரும் எழுந்தார். "சின்ன வயசுல நான் பார்த்த படமெல்லாம் பின்னால இருந்துதான். அந்தக் காலத்துல என் ஹீரோவெல்லாம் இடது கைக்காரன்" என்றார். கூடம் சிரித்தது. காவேரிப்பாக்கத்து அம்மாள் ஒருவரும் கை தூக்கினார்.

ஞானசீலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு அடுக்காக வைத்தார். "எந்தப் பக்கம் உக்காந்து பார்த்தீங்களோ அந்தப் பக்கம் வாங்க. கிருபா, நம்பர் போடும்மா."

கிருபா ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் எழுதினாள். இரண்டு அடுக்கிலிருந்தும் வந்த வரிசைப்படி, ஒன்றிலிருந்து முப்பது வரை. மஹ்பூபி பக்கத்தில் நின்று, "மை மேல கை வைக்காதீங்க, ஓரத்துல பிடிங்க" என்று எல்லோரையும் அதட்டினார். ஆதிகேசவன் கௌரவம் பார்த்துக் கடைசியாக வந்தார். இடது பக்கத்து அடுக்கு அதற்குள் தீர்ந்திருந்தது. வலது பக்கம் போகிறவளை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய், பின்பக்கத்திலிருந்து இடது பக்கம் போகிறாளா என்று திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஷூ பெட்டி அட்டை அல்லவா, ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சுருட்டாமல், மடிக்காமல் எடுத்துப் போனார்.

சுவரில் இருந்ததை ஞானசீலன் சாரே எடுத்துக்கொண்டார். அதில்தான் முப்பது என்று எழுதியிருந்தது. வாசல்வரை வந்து, "அடுத்த மாசப் படம் இன்னான்னு வியாழக்கிழமை சொல்லி அனுப்பறேன். பார்க்காத படமா இருந்தா முன்னாடியே இங்க வந்து ரெண்டு தடவை பாரும்மா" என்றார். கிருபா தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மஹ்பூபி காலிப் பெட்டியை வாங்கி உள்ளே பார்த்தார்.

"நமக்கு எங்க?"

"முப்பதும் போய்ட்டுச்சே அக்கா."

"உனக்குமா வச்சுக்கல? ஒண்ணுகூடவா?"

"முப்பது பேருக்கு முப்பதுதானே அடிச்சோம்."

மஹ்பூபி நின்றுவிட்டார். கிருபாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தார்.

"அடுத்த தடவை நான் சட்டத்தைக் கழுவ மாட்டேன். நீயே கழுவிக்கோ."