வல்லூறின் இடக்கண்

துண்டில் சுற்றிய சாம்பல் கிளியின் கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, நெஞ்சை அமுக்காமல், மறுகையால் அதன் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள் வத்ஹா. டீக்கடைக்காரர் வீட்டுக் கிளி அது. வலிக்கவே இல்லை. ஆனாலும் "ரெண்டு டீ! சீக்கிரம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தியது.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு அதிகாரம் பண்ணமாட்டா" என்றான் உதவியாளன் இத்ரிஸ். சூடானில் பிறந்து, இந்தக் கால்நடை மருத்துவமனையிலேயே தலை நரைத்தவன்.

"அதான் நீ டீ போடாம உட்கார்ந்திருக்கே."

கத்தாரின் வடகரையில் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைத்தியம் பார்த்தவள் வத்ஹா. நாற்பத்தேழு வயதில் திடீரென்று தோஹாவுக்குப் போய்ப் பறவை, ஆமை, உடும்பு இவற்றின் மருத்துவம் படித்தாள். கண் நோயும் அவசர சிகிச்சையும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தவை. "பேரப்பிள்ளை எடுக்கற வயசுல கிளி கண்ணைப் பார்க்க ஒரு படிப்பா?" என்று நாத்தனார் கேட்டாள். "உன் கண்ணையும் சேர்த்துப் பார்க்கறேன், முன்னால வா" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

படித்து வந்தபின் கிளிகள் வந்தன, ஆமைகள் வந்தன. வல்லூறு மட்டும் வரவில்லை. ஊரில் வல்லூறு வளர்க்காத பெரிய வீடு இல்லை. வத்ஹாவின் அப்பாவே பேர்பெற்ற வேட்டைக்காரர். இருந்தும் பறவைக்குத் தும்மல் என்றால்கூட எல்லோரும் தோஹாவுக்கே ஓட்டினார்கள்.

அன்று பிற்பகல் வல்லூறு வளர்க்கும் ஊர்ப் பெரியவர் பூ மிஸ்அத் வந்தார். கையுறையில் நிற்க வேண்டிய வல்லூறு அவர் சால்வைக்குள் கிடந்தது. ஹுபாரா என்ற கானமயில் ஒன்றைத் துரத்திப்போய் இலந்தைப் புதருக்குள் பாய்ந்துவிட்டதாம். தேடி எடுப்பதற்குள் குளிர்காற்றில் வெகுநேரம் முள்ளில் தொங்கியிருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. இடக்கண் இறுக மூடியிருந்தது.

"தோஹா வரைக்கும் தாங்காது, டாக்டரம்மா. கண்ணைப் பாரு, முதல்ல கண்ணைப் பாரு. ஒத்தக் கண்ணோட இவ எதைப் பிடிப்பா? தூரமே தெரியாதே."

"உசுரு போனா ரெண்டு கண்ணும் போயிடும். தள்ளி நில்லுங்க, பெரியப்பா."

முதலில் மூச்சு, பிறகு சூடு, அப்புறம்தான் கண். பயிற்சியில் அவளுக்கு மண்டையில் ஏற்றி அனுப்பிய வரிசை அது. சூடுபெட்டியில் வைத்துப் பிராணவாயுவைத் திறந்தாள். வெதுவெதுப்பான உப்புநீரைத் தொடைமடிப்பில் தோலுக்கடியில் செலுத்தினாள். பெரியவர் அறையைச் சுற்றிச்சுற்றி நடந்தார். கிளி அவரைப் பார்த்து இரண்டு டீ கேட்டது.

பறவை வாயை மூடிய பிறகே கண்ணுக்கு வந்தாள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, காயத்தைக் காட்டும் சாயத்தாளைத் தொட்டு, நீலவிளக்கைக் காட்டினாள். கருவிழியின் மேல் பச்சையாக ஒரு கீறல் மின்னியது. பறவைக்கு உள்ளே இன்னோர் இமை உண்டு. அதை மெல்லத் தூக்கினாள். அடியில் முள்முனை ஒன்று ஒளிந்திருந்தது. இத்ரிஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, இடுக்கியால் அதை எடுத்தாள். கிருமிக்கான சொட்டையும் விட்டாள்.

எல்லாம் சரியாகச் செய்தவள், கடைசியில் பறவையோடு வந்து மேசைமேல் கிடந்த தோல்தொப்பியை எடுத்துப் பறவையின் தலையில் மாட்டி, வாரைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். கண்ணை மறைக்கும் அந்தத் தொப்பி இருந்தால்தான் வல்லூறு ஆட்களுக்கு நடுவே அடங்கி நிற்கும். ஏழு வயதிலிருந்து பழகிய கை அது, யாரையும் கேட்கவில்லை.

"அப்பன் கை அப்படியே இருக்கு!" பெரியவர் பூரித்தார்.

அவர் பூரித்து முடிப்பதற்குள் பறவை தலையை உதறியது. காலைத் தூக்கித் தொப்பியின் இடப்பக்கத்தைப் பிறாண்டியது. வத்ஹா வாரைத் தளர்த்தித் தொப்பியைக் கழற்றினாள். உள்தோல் ஈரமாக இருந்தது. நீலவிளக்கைக் காட்டினாள். கீறலின் ஓரம் சற்று அகன்றிருந்தது.

"பெரியப்பா, தப்பு என்னோடது. தோல் கண்ணுல உரசியிருக்கு. ஆறுற வரைக்கும் இவளுக்குத் தொப்பி கூடாது."

"தொப்பி இல்லாம மஜ்லிஸ் கூடத்துல, ஆளுங்க நடுவுல எப்படி வைக்கறது? விஷயம் தெரிஞ்சு ஊரே நலம் விசாரிக்க வரும். சிறகடிச்சே செத்துப்போவா."

"மஜ்லிஸ் வேணாம். இங்கயே இருக்கட்டும். தலையை மூட முடியாட்டி அறையை மூடுவோம்."

மருந்துக் கிடங்கைக் காலி செய்து, சன்னலுக்கு ஒட்டகக் கம்பளி தொங்கவிட்டார்கள். அந்த இருட்டில் பறவை கட்டையில் அசையாமல் நின்றது.

பொழுது சாய்வதற்குள் காபிக் குடுவையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பூ மிஸ்அத் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவனைத் திருப்பி அனுப்புவது அவர் பரம்பரையிலேயே நடக்காத காரியம்.

"உள்ள விடமாட்டீரா? என்ன ஓய், பறவைக்குப் பிள்ளைப்பேறா?"

"ஆமா. பேர் வைக்கற அன்னைக்குச் சொல்லியனுப்பறேன். இப்போ குரலைத் தாழ்த்து, காபியை வெச்சுட்டுக் கிளம்பு."

"உம்ம வீட்டுக் கதவைப் பூட்டவே மாட்டேன்னு பெருமை அடிப்பீரே!"

"இது என் வீடில்ல. அந்தம்மா உத்தரவு."

வத்ஹா மங்கலான சிவப்பு விளக்கோடு உள்ளே போய்ச் சொட்டு விட்டு வந்தாள். கண் தேறுமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கம்பளியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினாள். பறவையின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சாயம் தொட்டு விளக்குக் காட்டியபோது, நேற்று அகன்றிருந்த கீறல் மயிரிழையாய்ச் சுருங்கியிருந்தது. ஒரு துண்டுக் காடையிறைச்சியை இடப்பக்கமாக, சத்தமில்லாமல் நீட்டினாள். பறவை தலையைத் திருப்பி, குறி தப்பாமல் பிடுங்கியது.

வாசலில் நின்ற பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் முழுசா ஆறல. தினம் காலையில காடை கொண்டாங்க. கூட்டம் கொண்டாராதீங்க" என்றாள் வத்ஹா. சொட்டு விட்டாள், கம்பளியை இழுத்து மூடினாள், கை கழுவினாள். வெளியே குட்டி போடத் திணறும் ஆட்டோடு ஒருவன் நின்றான். முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டே அவனிடம் போனாள்.