பெல்ட்டு கழன்ற நேரம்

உத்திரமேரூர் ரைஸ் மில்லில் நான் உமி அள்ளிய காலத்தில் எங்களுக்கு ஓய்வு என்று தனியாக எதுவும் கிடையாது. மத்தியானக் கூழுக்கு ஒரு தரம் விடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி இஞ்சின் பெல்ட்டு கழன்று விழுந்தால்தான் மூச்சு விடலாம்.

இஞ்சின்காரர் மனசு வைத்தால் அது கழலும். என் பக்கத்தில் தவிடு சலித்த அக்காவுக்கு நெஞ்செல்லாம் தூசி, ஓயாத இருமல். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் பார்த்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் பெல்ட்டு தரையில் கிடக்கும். முதலாளி கத்திக்கொண்டு வருவார்.

"தேஞ்ச பெல்ட்டு மொதலாளி, நான் இன்னா பண்றது?" என்பார், பச்சைப் பிள்ளை போல.

அவர் ஆற அமர மாட்டி முடிப்பதற்குள் நாங்கள் வெளியே போய்த் தண்ணீர் குடித்து, தலையில் இருந்த உமியைத் தட்டிக்கொண்டு வருவோம். அந்தக் காற்றுதான் அக்காவுக்கு மருந்து. அதில்தான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊருக்குக் கரண்ட் வந்தது. முதலாளி மோட்டார் வாங்கி, சந்தனம் பூசி மாலை போட்டார். அந்த மோட்டாருக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை கெட்டார் போங்கள். புதுப் பெல்ட்டு கழலவே இல்லை. இஞ்சின்காரருக்கும் வேலை போயிற்று.

ஒரு நாள் அக்கா முதலாளியிடமே போய்க் கேட்டாள்.

"கொஞ்ச நேரம் வெளிய குந்திட்டு வரேன் மொதலாளி, நெஞ்ச அடைக்குது."

"நெல்லு காத்துக்கினு கீது. அப்புறம் பாக்கலாம் போ."

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் போயிற்று. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஓடப் போனவர்கள் அக்காவைப் பார்த்து நின்றுவிட்டோம். உமிக் குவியலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். இருமல் இல்லை.

"எழுப்பாதீங்கடி, இன்னைக்குத்தான் நல்லா தூங்கிக்கினு கீது" என்றாள் ஒருத்தி.

வெளியே போகாமல் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். ரகசியமாகப் பேசினோம். ஒருத்திக்குச் சிரிப்பு வந்தபோது நான்தான் அவள் வாயைப் பொத்தினேன். அக்கா முகத்தில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறினேன். இப்படி ஓர் ஓய்வு அவளுக்கு வாய்த்ததே என்று மனசு குளிர்ந்தது.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. நாங்கள் எழுந்தோம், அவள் எழவில்லை.

எனக்கு இன்றும் பயம் விடவில்லை. கரண்ட் போய் வீடு அமைதியானால் ஒவ்வொருவராய்ப் போய்ப் பார்ப்பேன். யாராவது சாய்ந்து தூங்கினால் உலுக்கி எழுப்பிவிடுவேன். பேரப்பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைத் திட்டும்.

திட்டட்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.