பூத்த பாகு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வீடு கீரனூரில். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். என் கணவர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மிட்டாய்க்கடை வைத்திருந்தார். அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், நான் எம்.எஸ்ஸி. கல்யாணத்தின்போது இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு பேருமே நாள் முழுக்கச் சர்க்கரையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் ஆராய்ச்சி முருங்கைப் பிசினில். அன்னவாசல் பக்கத்துத் தோட்டங்களில் மரப்பட்டையில் வடிந்து சிவந்து இறுகியிருக்கும். அதைக் கரைத்து, கொஞ்சம் அமிலம் சேர்த்துக் காய்ச்சினால் நீளச் சங்கிலி போன்ற அதன் மூலக்கூறு துண்டுதுண்டாக அறும். அப்படி அறுந்ததில், இரண்டு சர்க்கரைகள் கைகோத்தபடி ஒரு துண்டு கிடைத்தது. எந்தெந்தச் சர்க்கரை என்பது தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் கோத்திருக்கின்றன என்பதுதான் தெரியவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருந்தது. அதை நிரூபிக்க, அந்த இரண்டு சர்க்கரைகளையும் தனித்தனியே வாங்கி, நான் நினைத்த இடத்திலேயே என் கையால் இணைத்து, மரம் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும்.

இணைத்தேன். பல மாதம் பிடித்தது. சர்க்கரைக்குக் கைகள் பல. வேண்டாதவற்றையெல்லாம் மூடி, வேண்டிய ஒன்றை மட்டும் திறந்துவைக்க வேண்டும். கடைசியில் குடுவையின் அடியில் கிடைத்தது பழுப்பு நிறப் பாகு. பிசினிலிருந்து எடுத்ததும் பாகுதான். பாகையும் பாகையும் ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. படிகம் வேண்டும். படிகமானால்தான் சுத்தமாகும், உருகும் வெப்பநிலையைப் பார்க்க முடியும். குளிரவைத்தேன், கண்ணாடிக் குச்சியால் குடுவையை உரசினேன், வேறு வேறு திரவத்தில் கரைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

என் கணவர் தினமும் கேட்பார். “என்னா, இன்னிக்காவது கட்டியாச்சா?”

“இல்லைங்க.”

“எங்கிட்டுப் போயிரும், வரும்.”

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் என் வழிகாட்டிப் பேராசிரியர் கூப்பிட்டார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். “லீவு முடியறவரைக்கும் பாரும்மா. அதுக்குள்ள படிகம் வரலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கலாம்” என்றார். இரண்டு வருஷ வேலை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பிசினின் பாகு அவருடைய அலமாரியில் இருந்தது. நான் செய்த பாகை மட்டும் ஆய்வகத்துச் சுத்தச் சாராயத்தில் கரைத்து, குடுவையை இறுக அடைத்து, துணி சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்தபடி உரசிப் பார்க்கலாமே என்று.

அன்றைக்கு பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பிறகு ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். சாலை அந்தக் காலத்தில் குண்டும் குழியும்தான். மாத்தூர் தாண்டி டயர் பஞ்சர் வேறு. ஒருவழியாகக் கீரனூரில் இறங்கினேன். நேராகக் கடைக்குப் போய்க் கூடையைப் பலகைமேல் வைத்தேன். என் கணவர்தான் துணியைப் பிரித்தார்.

“அடடா!” என்றார். முகம் சுருங்கிவிட்டது. “பூத்துப்போச்சே!”

மிட்டாய்க்காரர்களுக்குப் பாகு பூப்பது நஷ்டம். பளபளவென்று நிற்க வேண்டிய பாகு மணல்மணலாக வெளுத்துவிட்டால் அந்தச் சட்டியே வீண். பூக்காமலிருக்கத்தான் அவர் எலுமிச்சம்பழம் பிழிவார். எட்டிப் பார்த்தேன். குடுவையின் பாதிவரை வெள்ளை ஊசிகள். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கியே படிந்திருந்தன.

“பூத்துருச்சுங்க!” என்று கத்தினேன்.

“அதைத்தானே சொல்றேன். விடு, வருத்தப்படாத. வேற செஞ்சுக்கலாம்.”

“ஐயோ, இது பூக்கணுங்க! இதுக்குத்தான் ரெண்டு வருஷமா கெடந்தேன்!”

அவர் என்னைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். அப்புறம் மிட்டாய் வாங்க நின்றவர்களிடம் திரும்பி, “எங்க வீட்டம்மா ஜெயிச்சிட்டாங்க” என்று அறிவித்தார். என்ன ஜெயித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு லட்டு கிடைத்தது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு அவரும் என்னோடு முதல் பஸ்ஸில் வந்தார். சேதி கேட்டதும் பேராசிரியர் வீட்டிலிருந்து கிளம்பி வந்து அறையைத் திறந்தார். அலமாரியிலிருந்த பிசின் பாகை எடுத்துச் சாராயத்தில் கரைத்தேன். ஊசிமுனையில் என் படிகம் ஒரே ஒரு துகள் எடுத்து அதில் போட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு நட்சத்திரம். அது விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அரைமணியில் குடுவை முழுக்க இறுகிவிட்டது.

“பாலுக்கு ஒறமோர் விட்ட மாதிரில்ல இருக்கு” என்றார் என் கணவர், மெதுவாக.

வடிகட்டி உலர்த்தியபின் மூன்று மெல்லிய கண்ணாடிக் குழாய்களை எடுத்தோம். ஒன்றில் மரத்தின் படிகம், ஒன்றில் என்னுடையது, மூன்றாவதில் இரண்டும் கலந்தது. வெவ்வேறு பொருளாக இருந்தால் கலவை முன்னாலேயே உருகிவிடும். மூன்றையும் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி எண்ணெயில் இறக்கினோம். எண்ணெய் மெல்லச் சூடேறியது. பேராசிரியர் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரையே பார்த்திருந்தார். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே டிகிரியில் உருகித் தெளிந்து இறங்கின.

அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். தெர்மாமீட்டர் ஆடியது. “தலைப்பை மாத்த வேண்டாம்மா! இன்னிக்கே எழுத ஆரம்பி!”

எழுதினேன். அடுத்த வருஷம் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதற்கான வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படிகக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அடுத்து எந்த மரம்?”

வேம்பு என்றேன். அதன் பிசினை அதற்கு முந்தின வாரமே ஊறப்போட்டிருந்தேன்.