டீச்சரின் புத்தகத்தை நான் விற்றது

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டே, சாப்பாட்டு நேரத்தில் வேலை விவரம் போட்டு வருகிற ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதித் தொண்ணூற்று மூன்று மாத நாவல் போட்டிருக்கிறேன். அத்தனையும் துப்பறியும் கதை. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு நாவலை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் முக்கிக்கொண்டிருந்த காலத்தில், நான் பதினோரு நாளில் ஒன்றை முடித்துக் கையில் கொடுத்தேன். எனக்கு யாரும் எழுதக் கற்றுத் தரவில்லை. இதைச் சொல்லாமல் எதையும் ஆரம்பித்துப் பழக்கமில்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

இனி சொல்லப்போவது அவ்வளவு பெருமையான விஷயம் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷன் மேம்பாலப் படி இறங்கும் இடத்தில் பாய் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் கடையின் முகப்பில் ஆறு நைலான் கயிறு. துணி காயப்போடுகிற கிளிப்பில் மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கும். படியில் இறங்குகிறவன் கண் முதலில் எந்த அட்டையில் விழுகிறதோ, அதுதான் அன்றைக்கு விற்கும். அந்த முதல் கிளிப்புக்காகத்தான் எனக்கும் டீச்சருக்கும் இருபத்தைந்து வருஷச் சண்டை.

டீச்சர் சேலையூரில் இருப்பவர். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மற்ற நாள் எழுத்து. குடும்ப நாவல் எழுதுவார். எங்கள் இருவருக்கும் ஒரே பதிப்பாளர், ஒரே வாரத்தில் புத்தகம் வரும். புத்தகக் கட்டு வந்த மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் நான் பாய் கடைக்குப் போய் என் நாவலை முதல் கிளிப்பில் மாட்டுவேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற டீச்சர், அதைக் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை மாட்டுவார். மறுநாள் காலையில் மறுபடி நான்.

பாய் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார். "இன்னா சார் இது? காலைல நீ முன்னாடி, சாயங்காலம் டீச்சர் முன்னாடி. நடுவுல வெயில்தான் ரெண்டு பேர் புக்கையும் படிச்சிகினு கீது. அட்டைலாம் வெளுத்துப் பூட்ச்சு பாரு."

நான் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது. வெளுத்தாலும் விற்றது.

ஆறு கயிறு நான்கானது, நான்கு இரண்டானது. கயிறு போன இடத்தில் தண்ணீர் பாட்டில் வந்தது, போன் கவர் வந்தது, சார்ஜர் ஒயர் வந்தது. போன வருஷம் ஒரே ஒரு கயிறு. அதில் இருபது புத்தகம். பாய் எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி நிற்கவைத்துச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கோ. இந்த மாசம் கடைசி வரைக்கும் பார்ப்பேன். கயிறு காலியாச்சுன்னா அடுத்த கட்டு வாங்குறேன். ஆவலைன்னா அங்க ஹெட்போன் மாட்டிடுவேன். மருமவன் ரொம்ப நாளாக் கேக்குறான்."

தாம்பரத்தில் மாத நாவல் தொங்குகிற இடம் அது ஒன்றுதான் மிச்சம். அது போனால் இந்தப் பக்கம் எங்கள் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கவே இடம் கிடையாது. பதிப்பாளர் ஏற்கெனவே நிறுத்திவிடலாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு போனால் நாவலும் போனமாதிரிதான்.

அன்று டீச்சர் என்னிடம் இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக உட்கார்ந்து பேசினார். எதிரே டீக்கடை பெஞ்சு.

"சார், உங்க வாசகனை நான் பிடுங்கினேன், என் வாசகனை நீங்க பிடுங்கினீங்க. இப்ப அவன் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. போன்ல இருக்கான். இன்னும் எதுக்கு இந்தக் கிளிப் சண்டை?"

"நான் எங்க சண்டை போட்டேன்? என் புக்கு தன்னால முன்னாடி வரும்."

"ஆமா, கால் முளைச்சு நடந்து வரும்." டீச்சர் டீயை ஆற்றினார். "ஒண்ணு செய்வோம். வாரத்துல ரெண்டு நாள் நீங்க சாயங்காலம் கடைகிட்ட நில்லுங்க, ரெண்டு நாள் நான் நிக்கிறேன். வர்ற போறவங்ககிட்டப் பேசுவோம். ஒரே ஒரு விதி. அவங்கவங்க புத்தகத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. நீங்க என்னோடதைக் கொடுங்க, நான் உங்களோடதைக் கொடுக்கிறேன். நமக்கு நாமே வாங்கிக் கயிறைக் காலி பண்றதும் கூடாது."

என்னைப் பற்றி நான் பேசக்கூடாது என்றால் எனக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் சம்மதித்தேன். அலுப்புத்தான் காரணம். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

செவ்வாய், வெள்ளி என் முறை. ரயில் வந்து கூட்டம் படியிறங்கும். எல்லார் தலையும் குனிந்திருக்கும், காதில் ஏதாவது சொருகியிருக்கும். நான் டீச்சரின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவன் மாதிரி நிற்பேன். முதல் வாரம் ஒருவரும் திரும்பவில்லை. டீச்சர் நின்ற நாட்களில் என்னுடையது நாலு போயிருந்தது.

இரண்டாவது வெள்ளி ஒரு பெண் நின்றார். ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை, செங்கல்பட்டிலிருந்து வந்துபோகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. "இது எப்படி அண்ணா இருக்கும்?" என்றார்.

"அருமையான குடும்பக் கதைம்மா. மாமியார் மருமகளைப் போட்டுப் பாடாய்ப் படுத்துவா. கடைசியில மனசு திருந்துவா பாரு, அந்த இடத்துல அழுதுடுவே."

வாங்கிக்கொண்டு போனார். என் பேச்சில் விற்றது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தார். "அண்ணா, ரெண்டு தடவை புரட்டிட்டேன். இதுல மாமியாரே இல்லையே."

பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"படிக்காமலே என் தலையில கட்டிட்டீங்களா?" என்றார் அந்தப் பெண்.

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு. நீங்களும் படிங்க" என்று புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

இருபத்தைந்து வருஷத்தில் டீச்சரின் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. அட்டையைப் பார்த்து, பெண்பிள்ளைகள் சமாசாரம், மாமியார் மருமகள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அன்று பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்துவிட்டேன். எங்கேயோ ஒரு நாட்டுக்காரன் துருப்பிடித்த பழைய லேத்தைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டுகிற வீடியோ. தினம் சாயங்காலம் அதைத்தான் பார்க்கிறேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று தானே வரும். யோசித்துப் பார்த்தேன், நான் ஒரு நாவலை முழுசாகப் படித்து நாலைந்து வருஷம் இருக்கும். என்னுடையதை அச்சுப்பிழை பார்ப்பது கணக்கில் வராது.

வாசகன் எங்கே போனான், எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, போனவர்களில் நானும் ஒருத்தன்.

போனை அணைத்துப் பைக்குள் அடியில் போட்டேன். மூன்று நாள் ஆனது படித்து முடிக்க. கதை மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில். தண்ணீர் லாரிக்காரனோடு தினமும் சண்டை போடுகிற ஒரு விதவை. ஒருநாள் லாரி வரவில்லை. எல்லாரும் வேறு லாரிக்குப் போன் போடுகிறார்கள். அவள் மட்டும் அந்த லாரிக்காரன் என்ன ஆனான் என்று தேடிக்கொண்டு கிளம்புகிறாள். தொண்ணூற்று மூன்று துப்பறியும் கதை எழுதிய எனக்கு, எழுபதாவது பக்கம் வரை அவன் எங்கே என்று பிடிபடவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை டீச்சர் முறை. கொஞ்சம் தள்ளி மாத்திரைக் கடை ஓரமாக நின்று அவர் எப்படி விற்கிறார் என்று ஒட்டுக்கேட்டேன். ஒரு செக்யூரிட்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"திருநீர்மலைப் படி ஏறும்போது அந்த இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கி ஒரு இடத்துல உட்காருவார் பாருங்க, அங்கதான் முடிச்சே இருக்கு. இவர் முதல்ல எழுதின கதையிலயும் அந்த இன்ஸ்பெக்டர் வருவார், அப்ப வயசு முப்பது. இப்ப அவருக்கு முட்டி வலி. இவர் கதையில ஆளுங்களுக்கு வயசாகும் சார், மத்தவங்க கதையில ஆகாது."

என் இன்ஸ்பெக்டருக்கு வயசாகிறது என்பது எனக்கே தெரியாது. அத்தனையையும் படித்திருக்கிறார். நான் கிளிப்பை மாற்றிக்கொண்டிருந்த வருஷமெல்லாம் அவர் கிளிப்பையும் மாற்றியிருக்கிறார், படித்தும் இருக்கிறார்.

கிட்டே போய், "எல்லாத்தையுமா டீச்சர்?" என்றேன்.

"எதிரி என்ன எழுதுறான்னு தெரிய வேண்டாமா? நீங்க படிச்சதில்லையா?"

மாமியார் கதையைச் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "இருபத்தஞ்சு வருஷத்துல ஒண்ணுகூடவா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாதக் கடைசி நாள் இருவருமே நின்றோம். காலையில் கயிற்றில் ஐந்து இருந்தது. இப்போது எனக்குச் சொல்வதற்குக் கதை இருந்தது, ஆனால் நிற்க ஆள் இல்லை. பில் போடும் பெண், தன்னோடு வேலை செய்கிறவரை அழைத்து வந்து ஒன்று வாங்க வைத்தார். இன்னொன்று யாரோ போனில் பேசிக்கொண்டே, விலையைக்கூடக் கேட்காமல் வாங்கிப்போனார். மூன்று மிச்சம். இரண்டு என்னுடையது, ஒன்று டீச்சருடையது.

பாய் வந்து கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் தடுக்கவில்லை. சொன்ன சொல் சொல்லுதானே.

"காலி ஆவலை. முன்னாடி ஹெட்போன்தான்" என்றார். கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டார். பிறகு கடைக்குள், தண்ணீர் பாட்டில் அடுக்குக்குப் பின்னால், இரண்டு ஆணிக்கு நடுவே அதைக் கட்டினார். "உள்ள இருக்கட்டும். வெளிய நின்னா தெரியாது. கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பேன். பத்துக்கு மேல கட்டு அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்கோ."

"யாரு பாய் கேக்கப்போறாங்க?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு சொன்னா கேப்பாங்க."

இப்போதும் நிற்கிறோம். பெரிதாக ஒன்றும் மாறவில்லை, கால்தான் வலிக்கிறது. டீச்சரின் பழைய புத்தகங்களை அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் திருப்பிக் கொடுக்கும்போது, "நடுவுல கொஞ்சம் இழுவை" என்றேன். "உங்களோடதுல முதல் பக்கத்துலயே இழுவை" என்றார். நியாயம்தான்.

நேற்று என் முறை. படியிறங்கி வந்த ஒருத்தரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். தொழிற்சாலை யூனிபார்ம், இரண்டு காதிலும் ஹெட்போன், ஒருவேளை பாய் கடையில் வாங்கியதாகவே இருக்கும். வழி கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நின்று ஒரு காதை மட்டும் கழற்றினார். இன்னொன்றில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு தண்ணி லாரிக்காரன் காணாமப் போயிட்டான் தம்பி" என்று ஆரம்பித்தேன்.