இல்லாத நாட்டு பாஷை

சாயந்திரம் சரவணம்பட்டி பஸ்ல, ஒரு வீடியோ கேம்ல வர்ற கற்பனை நாட்டோட பாஷையை முணுமுணுத்துப் படிச்சுட்டு வந்தேன்.

பக்கத்து சீட் அக்கா கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சு ஃபோன்ல சீரியல் பாத்துட்டு இருந்தாங்க. அதை நிறுத்திட்டு, "ஜெர்மனுங்களா அம்மணி? எம் பொண்ணும் படிக்கறா"ன்னாங்க.

"இல்லீங்க்கா. இது கேம்காரங்க உண்டாக்குன பாஷை. அந்த நாடே கெடையாது."

"இல்லாத நாட்டு பாஷையைப் படிச்சு என்ன கண்ணு பண்ணப்போறே?" சத்தமா சிரிச்சாங்க. முன்சீட்காரங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

ஊட்லயும் ஆபீஸ்லயும் இதே கேள்விக்கு மழுப்பிருவேன். இன்னைக்கு முடியல.

"ஏனுங்க்கா, இத்தனை நேரம் யாருக்காக அழுதீங்க?"

"பாவம், இந்த மருமகளுக்கு..."

"அவ எந்த ஊருங்க?"

அக்கா ஃபோனை ஒருக்கா உத்துப் பாத்தாங்க.

"இல்லாத மருமகளுக்கு நீங்க அழுகலாம். இல்லாத நாட்டு பாஷையை நான் படிக்கக் கூடாதுங்களா?"

காந்திபுரத்துல எறங்கறப்ப மெதுவா கேட்டாங்க: "அதுல மாமியாரைத் திட்ட வார்த்தை இருக்குங்களா?"

"திட்டறதுக்கே வார்த்தை இல்லீங்க்கா."

"அப்பறம் என்ன பாஷை அது!"ன்னுட்டுப் போயிட்டாங்க.

நான் விடறதா இல்லை. இன்னைக்கே ஒரு திட்டு வார்த்தை உண்டாக்கறேன். மாமியார் அனுபவம் இருக்கறவங்க கமெண்ட்டுக்கு வாங்க.