களிமண் ஒட்டாத டயர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நீடாமங்கலத்தில் பஞ்சர் கடை போட்டேன், டயர் பட்டறை கட்டினேன், மகனை இன்ஜினீயர் ஆக்கினேன்.

அறுவடை முடிந்து ரோட்டில் ஏறும் டிராக்டர், டயரில் அப்பிய களிமண்ணை வழியெல்லாம் உதிர்க்கும். பின்னால் வரும் பைக்குகள் வழுக்கி விழும். என் டிராக்டர் டயரில் பட்டன்கள் என்னும் ரப்பர் மேடுகளுக்கு நடுவே கத்தியால் அகலமாகச் செதுக்கினேன். களி வயலிலேயே உதிர்ந்தது, டீசலும் மிச்சமானது. டயர் கம்பெனியில் இருக்கும் மகன் அதைப் படம் எடுத்துப் போனான்.

தஞ்சாவூரில், அதே செதுக்கலோடு அவன் கம்பெனி செய்த புது டயரின் அறிமுக விழா. மேடையில் அவன், "இது எங்க டீமோட யோசனை" என்றான்.

அவன் இறங்கியதும் கேட்டேன். "செதுக்குனது யாருடா?"

"சும்மா இருங்கப்பா. பட்டறை வேலைன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

அந்தப் பட்டறைதான் அவனைப் படிக்க வைத்தது. டயரில் கம்பெனி பெயர் பதித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே என் பெயரையும் பதிக்க வேண்டும்.